ப்ளக்இன் பைண்டிங்கில் எந்தெந்த சி மேக்ரோக்களைத் திறந்து வைப்பது?

தச்சன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. படம் திருத்தும் மென்பொருள் ஒன்றுக்கு ப்ளக்இன் வசதி செய்துகொண்டிருக்கிறேன். மூலநிரல் முழுக்க சி. ப்ளக்இன் எழுதுபவர்களுக்கு ஒரே ஒரு ஹெடர் கோப்புதான் கொடுத்திருக்கிறேன். இதுவரை எல்லோரும் சியிலேயே எழுதியதால் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது ரஸ்ட், பைத்தான், லுவா மூன்று மொழிகளுக்கும் பைண்டிங், அதாவது அந்தந்த மொழியிலிருந்தே என் சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் இணைப்பு, கேட்கிறார்கள்.

ஃபங்ஷன்களும் ஸ்ட்ரக்ட்களும் சுலபமாக வந்துவிட்டன. இடிப்பது மேக்ரோக்கள்தான், அதாவது கம்பைலுக்கு முன்பே வேறு உரையாக விரிந்துவிடும் பெயர்கள். அந்த ஒரு ஹெடரில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. சில வெறும் எண்கள்: கொடிகள், பிழைக் குறியீடுகள், பதிப்பு எண். சில ஃபங்ஷன் போல வேலை செய்பவை: ஒரு பிக்சலின் சிவப்பு மதிப்பை எடுப்பது மாதிரி. பிழை வந்தால் அங்கேயே ரிட்டர்ன் செய்துவிடும் மேக்ரோ ஒன்று, பூட்டைப் போடவும் விடுவிக்கவும் ஒரு ஜோடி, பதிவு எழுத ஒன்று, ப்ளக்இன்னை அறிமுகப்படுத்த ஒன்று. இவற்றோடு ஹெடரின் சொந்த உபயோகத்துக்கான சில்லறைகளும் நிறைய.

எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டுமா, எதையுமே வேண்டாமா, நடுவில் எங்கே கோடு போடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

துருவிரும்பி

ரஸ்டுக்கு என்றால் பைண்ட்ஜென் கருவியை ஓடவிடுங்கள். எளிய எண் மேக்ரோக்களையும் சர மேக்ரோக்களையும் அதுவே கான்ஸ்டன்ட்களாக மாற்றிக் கொடுத்துவிடும். ஃபங்ஷன் போன்ற மேக்ரோக்களை விட்டுவிடும். வந்ததை வைத்துக்கொள்ளுங்கள், வராததில் யாராவது கேட்பதை மட்டும் கையால் எழுதுங்கள். இருநூறையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசிக்க எங்கே நேரம்?

---

பழையதொகுப்பி

இதில் நான் முழுவதும் மாறுபடுகிறேன். அப்படிச் செய்தால் உங்கள் பைண்டிங்கில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தக் கருவியின் திறமைதான் தீர்மானிக்கும். அதற்கு ஒரு எண் தெரியும், அந்த எண்ணை வெளியே காட்ட நீங்கள் நினைத்தீர்களா என்பது தெரியாது.

இரண்டு பக்கமும் தவறு நடக்கும். ஹெடரின் உள்வேலைக்கு வைத்த தற்காலிக அளவு ஒன்று, எண்ணாக இருக்கிறது என்பதாலேயே பொதுவில் வந்து நிற்கும். யாராவது அதைப் பயன்படுத்திவிட்டால் அப்புறம் எடுக்க முடியாது. மறுபக்கம், கண்டிப்பாக வேண்டியது வராமல் போகும். எஸ்க்யூலைட் தரவுத்தள நூலகத்தில் வினவலுக்கு ஒரு சரத்தைக் கொடுக்கும்போது ‘நீயே ஒரு நகல் எடுத்துக்கொள்’ என்று சொல்ல எஸ்க்யூலைட்_டிரான்சியன்ட் என்ற மேக்ரோ இருக்கிறது. உள்ளே பார்த்தால் அது -1 என்ற எண்ணை ஃபங்ஷன் பாயின்டராக வேடம் மாற்றியது. கருவிக்கு அது சாதாரண எண்ணாகத் தெரியாததால் விட்டுவிடும். ஆனால் அது இல்லாமல் எஸ்க்யூலைட் பைண்டிங் எழுதுவது பெரும் அவஸ்தை. எழுதியவர்கள் கையால்தான் சேர்த்தார்கள்.

வகை வேறு இருக்கிறது. மேக்ரோவுக்கு டைப் கிடையாது. பைண்ட்ஜென் தானாகவே எதிர்மறை அல்லாத எண்ணைக் குறியற்ற 32 பிட்டாக எடுத்துக்கொள்ளும். உங்கள் ஃபங்ஷன் அதே கொடியை இன்ட் ஆகக் கேட்டால், ப்ளக்இன் எழுதுபவர் ஒவ்வொரு இடத்திலும் வகை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை மாற்றிக்கொள்ளக் கருவியில் வழி உண்டு. ஆனால் எந்த மேக்ரோ எந்த ஃபங்ஷனுக்குப் போகிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, இதை எல்லோரும் ஒருமுறையாவது பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மேக்ரோ, கம்பைலுக்கு முன் அதை விரித்துப்போடும் ப்ரீப்ராசசரோடு முடிந்துவிடும். நூலகக் கோப்பின் சிம்பல் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. ஓடும்போது சிம்பலைப் பெயரால் தேடும் டிஎல்சிம் ஃபங்ஷனை வைத்துத் தேடினால் கிடைக்காது. லுவா 5.1இல் லுவா_பிகால் நிஜமான ஃபங்ஷன். 5.2இல் அது லுவா_பிகால்கே என்பதன் மேல் போர்த்திய மேக்ரோ ஆகிவிட்டது. சி நிரல் எழுதியவர்கள் எதையும் மாற்றாமல் திரும்பக் கம்பைல் செய்துவிட்டுப் போனார்கள். பெயரை வைத்து சிம்பலைத் தேடிய பைண்டிங்குகளுக்கு அந்தப் பெயரே காணாமல் போனது. சி ஆட்களின் கண்ணில் அது மாற்றமே இல்லை. அதனால் உங்கள் ஹெடரில் எது மேக்ரோ, எது ஃபங்ஷன் என்பதும் ஒரு வாக்குறுதிதான். இன்று ஃபங்ஷனாக இருப்பதை நாளைக்கு மேக்ரோ ஆக்க மாட்டேன் என்று எழுதியே வையுங்கள்.

---

தச்சன்

சரி, கருவியை நம்பி விடக்கூடாது என்பது புரிகிறது. ஆனால் நானே தேர்ந்தெடுப்பதென்றால் எதை வைத்து? ‘இது முக்கியம், இது முக்கியமில்லை’ என்று மனதுக்குப் பட்டபடி பிரித்தால் ஆறு மாதத்தில் எனக்கே காரணம் மறந்துவிடும்.

---

நள்ளிரவு

நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டு, பழைய ப்ளக்இன் கோப்பை அப்படியே வைத்தால், இந்த மேக்ரோவால் ஏதாவது உடையுமா? ஒவ்வொரு மேக்ரோவிடமும் இதைக் கேளுங்கள்.

மேக்ரோவின் வலப்பக்கம் எதுவோ, அது கம்பைல் செய்த நாளில் ப்ளக்இன்னுக்குள் அச்சாகப் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஹெடரில் எதை மாற்றினாலும் அந்தப் பதிவு மாறாது. பைண்டிங்கில் இது இன்னும் மோசம். சி ப்ளக்இன்னைத் திரும்பக் கம்பைல் செய்தால் புதிய மதிப்பு வந்துவிடும். பைண்டிங்கில் யாரோ ஒருவர் எண்ணைக் கையால் நகல் எடுத்து வைத்திருந்தால், திரும்பக் கம்பைல் செய்தாலும் பழைய எண்தான்.

ரூபி மொழியில் ‘ஒன்றுமில்லை’ என்ற நில் மதிப்பைக் குறிக்கும் க்யூநில், வழக்கமான 64 பிட் அமைப்பில் பல வருடம் 8 ஆக இருந்தது. 3.2 பதிப்பில் 4 ஆனது. ரூபி நீட்சிகளை ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாகக் கம்பைல் செய்வதுதான் வழக்கம் என்பதால் சி பக்கத்தில் அமைதியாக நடந்து முடிந்தது. 8 என்று எண்ணாகவே எழுதிவைத்த பைண்டிங் இருந்தால் அது நில்லை நில் என்று அறியாது. பிழைச்செய்தியும் வராது.

லுவாவின் ரெஜிஸ்ட்ரி இண்டெக்ஸும் அப்படித்தான். 5.1இல் -10000. 5.2 முதல் 5.4 வரையிலான பதிப்புகளில் அது ஸ்டாக்கின் உச்ச அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வழக்கமான அமைப்பில் -1001000 வரும். கட்டமைக்கும்போது அந்த உச்ச அளவை யாராவது மாற்றினால் இதுவும் மாறும். பார்ப்பதற்குக் கான்ஸ்டன்ட், உண்மையில் கட்டமைப்பின் விளைவு.

எனவே எண் மேக்ரோ என்று ஒரே குவியலாகப் போடாதீர்கள். ‘படிக்க மட்டும்’ என்ற கொடி 1, ‘எழுதவும்’ என்பது 2 என்றால், அது நீங்கள் என்றைக்கும் மாற்றப்போவதில்லை என்று சொல்லிக் கொடுத்த எண். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ‘ஒரே சமயத்தில் திறக்கக்கூடிய அடுக்குகள் 64’ என்பது இன்றைய கட்டமைப்பின் நிலைமை. அதைக் கான்ஸ்டன்டாகக் காட்டினால் யாரோ 64 அளவுள்ள அரே ஒன்றை வைப்பார்கள், அடுத்த பதிப்பில் நீங்கள் 128 ஆக்குவீர்கள். அந்த மாதிரி எதையும் ஓடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஃபங்ஷனாகவே கொடுங்கள்.

ஒரே பெயருக்கு இயங்குதளத்துக்கு இயங்குதளம் மதிப்பு மாறுவதையும் மறக்க வேண்டாம். ‘மறுபடி முயல்’ என்னும் பிழைக் குறியீடான ஈஅகெய்ன் லினக்ஸில் பெரும்பாலும் 11, மேக்கில் 35. ஒரு கணினியில் உருவாக்கிய பைண்டிங் கோப்பை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

---

துருவிரும்பி

நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். கேள்வி சரியாக இருக்கிறது. ஆனால் ஃபங்ஷன் போன்ற மேக்ரோக்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? பிக்சல் எடுப்பது மாதிரியான ஒன்றை வெளியே காட்டாமல் எந்தப் படத் திருத்த ப்ளக்இன்னும் எழுத முடியாதே?

---

நள்ளிரவு

அங்கேயும் அதே கேள்விதான். அந்த மேக்ரோ ஸ்ட்ரக்டின் உள்ளே கைவிட்டு எடுக்கிறதா? எடுக்கிறது என்றால் ஸ்ட்ரக்டின் அமைப்பு முழுவதும் ப்ளக்இன்னுக்குள் பதிந்துவிட்டது.

பைத்தானின் கதையைப் பாருங்கள். 2011இல் 3.2 பதிப்போடு, பெப் 384 என்ற முன்மொழிவு வழியாக, மாறாத பைனரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருமுறை கம்பைல் செய்த நீட்சி பின்வரும் பதிப்புகளிலும் ஓட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பொருளின் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டும் பை_இன்க்ரெஃப் அந்த ஒப்பந்தத்துக்குள்ளும் நேரடிக் கூட்டலாகவே விரிந்தது. 2023இல் 3.12இல் அழியாப் பொருள்களை, அதாவது பெப் 683ஐ, சேர்க்கும்போது இது குறுக்கே வந்தது. எண்ணிக்கையைத் தொடாமல் விட வேண்டிய பொருள்களைப் பழைய நீட்சிகள் தங்களுக்குள் உறைந்த பழைய கூட்டலால் தொட்டுக்கொண்டே இருக்கும். அதையும் தாங்கும்படி வடிவமைக்க வேண்டியிருந்தது. 3.12ஐக் குறிவைத்து மாறா ஒப்பந்தத்தில் கம்பைல் செய்தால் இப்போது அது நிஜமான ஃபங்ஷன் அழைப்பு. அதற்கு முன்பே பெப் 670 வழியாக 3.11இல் நிறைய மேக்ரோக்களை ஃபங்ஷன்களாக மாற்றியிருந்தார்கள்.

உங்கள் ப்ளக்இன்களின் எண்ணிக்கை இன்னும் சிறியது. இப்போதே ஃபங்ஷனாக்கிவிட்டால் பின்னால் இத்தனை சிரமம் வராது.

---

தச்சன்

எல்லா அணுகு மேக்ரோக்களையும் ஃபங்ஷனாக மாற்றலாம், சரி. ஆனால் பிக்சல் மேக்ரோ வேகத்துக்காகத்தான் மேக்ரோவாக இருக்கிறது. ஒரு படத்தில் கோடிக்கணக்கில் கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் அழைப்பு, அதுவும் பைத்தானிலிருந்து என்றால் தாங்காது.

---

பழையதொகுப்பி

பைத்தானிலிருந்து பிக்சலுக்கு ஒரு முறை சிக்குள் போய்வந்தால் மேக்ரோவோ ஃபங்ஷனோ, எதுவாக இருந்தாலும் தாங்காது. அந்த மேக்ரோவின் வடிவத்தையே மறந்துவிட்டு, அது எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். ப்ளக்இன் எழுதுபவருக்கு வேண்டியது பிக்சல்களின் மேல் வேகமாக ஓடும் வழி.

அதற்கு நான்கு விஷயங்கள் போதும்: நினைவகத்தின் தொடக்க முகவரி, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே எத்தனை பைட்டுகள், அகல உயரம், பிக்சல் வடிவம். இவற்றைக் கேட்டு வாங்க ஒரு ஃபங்ஷன். படம் ஒன்றுக்கு ஒரே ஒரு அழைப்பு. ரஸ்டில் ஸ்லைஸாக மாறும், பைத்தானில் பஃபர் நெறிமுறை வழியாக நகல் எடுக்காமல் நம்பை போன்ற நூலகத்துக்குப் போகும். சி எழுதுபவர்களுக்கு மேக்ரோ அப்படியே இருக்கட்டும், ஆனால் அதுவும் இந்த நான்கை வைத்தே விரியட்டும். ஸ்ட்ரக்டை உள்ளே தொடக்கூடாது.

வரிசை இடைவெளியைத் தனியாகக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அகலத்தைப் பிக்சல் அளவால் பெருக்கினால் வந்துவிடும் என்று பலர் விட்டுவிடுவார்கள். நினைவகச் சீரமைப்புக்காக வரிசை முடிவில் இடம் விட்டு வைக்கும் நாளில் எல்லா ப்ளக்இன்களும் சாய்ந்த படத்தைக் காட்டும்.

ஒரு உபரி நன்மையும் உண்டு. ஃபங்ஷன் போன்ற மேக்ரோவில் அளபுருவை இரண்டு முறை கணக்கிடும் பழைய வியாதி இருக்கிறதல்லவா, உள்ளே ஐ++ போட்டால் இரண்டு முறை கூடுவது. பைண்டிங்கில் ஃபங்ஷன் மட்டும்தான் என்றால் அந்த வியாதி எல்லை தாண்டாது.

---

கவண்

யாரும் இன்னும் தொடாத ஒன்று: ரிட்டர்ன் செய்யும் மேக்ரோவும் பூட்டு ஜோடியும். இவற்றுக்கு மேலே சொன்ன கேள்வியே எழாது. எந்த மொழியிலும் இவற்றை அப்படியே கொண்டுபோக முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம்.

பைத்தானின் சி ஹெடரில் நூலிழைப் பூட்டை விடுவிக்கும் தொடக்க மேக்ரோ ஒரு அடைப்புக்குறியைத் திறக்கிறது. முடிவு மேக்ரோ அதை மூடுகிறது. பாதி வாக்கியம் மாதிரி. அதை எந்த ஃபங்ஷனாக எழுதுவீர்கள்? அதன் பொருளை மட்டும் எடுத்து, அந்தந்த மொழிக்கு இயல்பான உருவத்தில் கொடுக்க வேண்டும். ரஸ்டில் எல்லை முடிந்ததும் தானே பூட்டை விடுவிக்கும் காவல் பொருள். பைத்தானில் வித் தொகுதி. லுவாவில் ஒரு ஃபங்ஷனை வாங்கி, பூட்டுக்குள் அதை ஓட்டி, பிழை வந்தாலும் பூட்டை விடுவித்துவிட்டு வரும் ஃபங்ஷன். பிழை வந்தால் ரிட்டர்ன் செய்வதற்கு ரஸ்டில் கேள்விக்குறி இருக்கிறது, பைத்தானில் எக்ஸெப்ஷன் இருக்கிறது.

உங்கள் பிழை மேக்ரோ உள்ளே லாங்ஜம்ப், அதாவது நடுவிலுள்ள ஃபங்ஷன்களைத் தாண்டி ஒரே தாவலில் பழைய இடத்துக்குத் திரும்புவது, செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நீட்சிகளில் பிழை எழுப்பினால் அது லாங்ஜம்ப்தான். பிடிப்பதற்கும் பிஜி_டிரை, பிஜி_கேட்ச் என்ற மேக்ரோக்கள். அந்தத் தாவல் ரஸ்ட் ஃப்ரேம்களின் மேலே பறந்து போனால், அங்கே விடுவிக்க வேண்டிய பொருள்கள் விடுவிக்கப்படாமலே போகும். மொழி அதற்கு எந்த உத்தரவாதமும் தராது. அந்த நீட்சிகளை ரஸ்டில் எழுத உதவும் பிஜிஆர்எக்ஸ் திட்டம் எல்லையிலேயே தாவலைப் பிடித்து ரஸ்டின் பேனிக்காக மாற்றி, திரும்பும்போது மறுபடி போஸ்ட்கிரெஸ் பிழையாக்குகிறது. அத்தனை வேலை. முடிந்தால் உங்கள் எல்லையில் பிழைக் குறியீட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

---

தச்சன்

லாங்ஜம்ப் இல்லை, நல்லவேளை. வெறும் ரிட்டர்ன்தான்.

ப்ளக்இன்னை அறிமுகப்படுத்தும் மேக்ரோ? அது ஒரு ஸ்ட்ரக்டையும் நுழைவு ஃபங்ஷனையும் உருவாக்குகிறது.

---

கவண்

அதைக் காட்டாமல் முடியாது, ஆனால் அந்தந்த மொழியில் புதிதாக எழுதியாக வேண்டும். ஜிஸ்ட்ரீமர் என்ற ஊடக நூலகத்தில் ப்ளக்இன் டிஃபைன் என்ற சி மேக்ரோ செய்வதை ரஸ்ட் பைண்டிங்கில் ரஸ்ட் மேக்ரோ ஒன்று செய்கிறது. பெயர் ஒத்திருக்கும், உள்ளே சி நிரல் ஒரு வரிகூட இல்லை. அதற்கு முன் அந்த மேக்ரோ உருவாக்கும் ஸ்ட்ரக்டின் அமைப்பையும் நுழைவு ஃபங்ஷனின் பெயரையும் ஆவணத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மேக்ரோவை விரித்துப் பார்த்துத்தான் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

எஸ்க்யூலைட் நீட்சிகளின் ஹெடரையும் ஒருமுறை திறந்து படியுங்கள். அங்கே எஸ்க்யூலைட் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாமே மேக்ரோக்கள். ஒவ்வொன்றும் ஏற்றும்போது கைக்கு வரும் ஃபங்ஷன் அட்டவணையின் ஓர் இடத்துக்கு விரியும். புதிய ஃபங்ஷன் வந்தால் அட்டவணையின் கடைசியில்தான் சேர்ப்பார்கள். பைண்டிங் எழுதுபவர் அட்டவணையை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், மேக்ரோ தேவையே இல்லை.

ஈமாக்ஸ் எடிட்டரின் 25ஆம் பதிப்பில் வந்த மாட்யூல் ஹெடர் எனக்கு இன்னும் பிடிக்கும். ஃபங்ஷன் பாயின்டர்கள் நிறைந்த ஒரு ஸ்ட்ரக்ட், முதல் இடத்தில் அதன் அளவு. அளவைப் பார்த்தே எந்தப் பதிப்பு என்று மாட்யூல் தெரிந்துகொள்ளும். வேறு மொழியிலிருந்து அதற்கு எழுதும்போது மேக்ரோ பற்றிய பேச்சே எழுவதில்லை.

---

மௌனவாசகி

பைண்டிங் எழுதும் பக்கத்திலிருந்தே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் அவற்றைப் பயன்படுத்தி ப்ளக்இன் எழுதுபவள். என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

எனக்குக் கிடைக்கும் ஆவணம் பெரும்பாலும் சிக்கு எழுதியதுதான். அதில் ஒரு மேக்ரோ பெயரைப் பார்த்து, பைத்தான் பைண்டிங்கில் தேடுவேன். இருக்காது. மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா, வேறு பெயரில் இருக்கிறதா? தெரியாது. ஒரு மாலைப்பொழுது முழுக்க இப்படிப் போயிருக்கிறது. கடைசியில் அந்த எண்ணை ஹெடரில் பார்த்து நானே என் நிரலில் எழுதிக்கொண்டேன். நள்ளிரவு சொன்ன நகல் எடுத்த எண் இப்படித்தான் பிறக்கிறது. நீங்கள் மறைத்துவைத்தால் நாங்கள் தோண்டி எடுப்போம், அதுவும் தப்பாக எடுப்போம்.

அதனால் விட்டவற்றையும் எழுதிவையுங்கள். ‘இது இல்லை, காரணம் இது, பதிலுக்கு இதைப் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி. ஜிக் மொழியின் சி மொழிபெயர்ப்பி, தன்னால் மாற்ற முடியாத மேக்ரோவைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடுவதில்லை. பெயரை வைத்துக்கொண்டு, யாராவது பயன்படுத்தினால் மட்டும் கம்பைல் பிழையாகச் சொல்கிறது. அந்த ஒரு வசதியால் எனக்கு எத்தனையோ தேடல் மிச்சமானது.

---

தச்சன்

இதை நான் யோசிக்கவே இல்லை. மிக்க நன்றி.

இரண்டு நாள் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் பார்த்தேன். ஜிசிசி கம்பைலரில் ப்ரீப்ராசசரை மட்டும் ஓட்டி எல்லா மேக்ரோ வரையறைகளையும் கொட்டும் விருப்பம் இருக்கிறது, அதில் தொடங்கினேன். கம்பைலரின் சொந்த மேக்ரோக்களே முந்நூறுக்கு மேல் வந்தன. காலிக் கோப்புக்கும் அதையே ஓட்டி, அந்தப் பட்டியலைக் கழித்துவிட்டேன்.

என் ஹெடரில் பாதிக்கு மேல் யாருக்கும் காட்டவேண்டாதவை. ஹெடர் இருமுறை வராமல் காப்பவை, கம்பைலர் பண்புகளைச் சுற்றியவை, மற்ற மேக்ரோக்களுக்கு உதவியாக இருந்தவை. அவற்றைத் தனி உள் ஹெடருக்கு நகர்த்திவிட்டேன். இது பைண்டிங்குக்காகச் செய்த வேலைதான், ஆனால் சி ஹெடரே இப்போது படிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

கொடிகளையும் பிழைக் குறியீடுகளையும் ஈனம் (enum), அதாவது பெயரிட்ட எண்களின் தொகுப்பு, ஆக்கினேன். பைண்டிங் கருவிகளுக்கு அதன் குழு தெரிகிறது, எந்த மதிப்பு எந்த ஃபங்ஷனுக்கு என்பதும் புரிகிறது. ஒரே ஒரு கொடி 32 பிட்டைத் தாண்டியிருந்தது, அது மட்டும் மேக்ரோவாகவே நின்று பைண்டிங்கில் கையால் வகை எழுதப்பட்டது. உச்ச வரம்புகள் நான்கும் ஃபங்ஷன்கள் ஆயின. பிக்சல் பழையதொகுப்பி சொன்னபடி.

பதிப்பு எண்ணில்தான் குழம்பினேன். மேக்ரோ சொல்வது கம்பைல் செய்த நாளின் ஹெடர் பதிப்பு, ப்ளக்இன்னுக்கு வேண்டியது இப்போது ஓடும் மென்பொருளின் பதிப்பு. எஸ்க்யூலைட் இரண்டையும் தருகிறது, மேக்ரோவும் ஃபங்ஷனும். நானும் இரண்டையும் காட்டுகிறேன், ஆனால் பைண்டிங்கில் பெயரிலேயே ‘கட்டப்பட்ட பதிப்பு’, ‘ஓடும் பதிப்பு’ என்று பிரித்துவிட்டேன்.

மதிப்புகள் பிசகாமல் இருக்க, எல்லாக் கான்ஸ்டன்ட்களையும் அச்சிடும் சின்ன சி நிரல் ஒன்றைத் தானே உருவாக்கும்படி செய்திருக்கிறேன். சி11இன் ஜெனரிக் வசதியால் வகையையும் அச்சிடும். மூன்று பைண்டிங்குகளும் தங்கள் மதிப்புகளை அதோடு ஒப்பிட்ட பிறகுதான் வெளியீடு. முதல் ஓட்டத்திலேயே லுவா பக்கத்தில் ஒரு கொடி தவறாக இருந்தது தெரிந்தது; நான் கையால் எழுதியது.

மிச்சம் இருப்பது பதிவு எழுதும் மேக்ரோ. அது கூப்பிட்ட இடத்தின் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் தானே எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷனாக்கினால் எல்லாப் பதிவும் என் பைண்டிங் கோப்பின் ஒரே வரியைக் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

---

கவண்

கோப்பு, வரி, செய்தி மூன்றையும் அளபுருவாக வாங்கும் சாதாரண ஃபங்ஷனை மென்பொருளிலிருந்து வெளியே கொடுங்கள். சி மேக்ரோ அதைக் கூப்பிடட்டும். ரஸ்டில் அதே வேலையைச் செய்யும் ரஸ்ட் மேக்ரோ. லைன் என்பதும் ஃபைல் என்பதும் அங்கேயும் மேக்ரோக்களாகவே இருக்கின்றன. பைத்தானில் கூப்பிட்டவரின் ஃப்ரேமைப் பார்த்து எடுக்கலாம். லுவாவில் டிபக் நூலகத்தின் கெட்இன்ஃபோ. செய்தியை வடிவமைப்பதை மட்டும் அந்தந்த மொழியே செய்து, முடிந்த சரமாக அனுப்பட்டும். அளபுரு எண்ணிக்கை மாறும் ஃபங்ஷனை எல்லையில் வைக்காதீர்கள், கோ மொழிக்கு யாராவது பைண்டிங் கேட்டால் அங்கே அதை நேரடியாகக் கூப்பிடவே முடியாது.

---

தச்சன்

இப்போதுதான் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். மூன்றிலும் சரியான வரி எண் வருகிறது. விட்ட மேக்ரோக்களின் பட்டியலை ஆவணத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மௌனவாசகி, முடிந்ததும் இங்கே போடுகிறேன், ஒருமுறை படித்துப் பார்த்து எங்கே புரியவில்லை என்று சொல்வீர்களா?

---

மௌனவாசகி

கண்டிப்பாக. பைத்தான் பக்கத்தை முதலில் போடுங்கள், இந்த வாரம் ஒரு ப்ளக்இன் அதில்தான் எழுதப்போகிறேன்.